ஒரு நிமிடத்துக்கு முப்பத்து நான்கு

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நான் சந்தோஷமாக எழுந்து உட்கார்ந்த காலையில்தான் என் உடம்பு ரொம்பவும் மோசமாக இருந்தது. அது எனக்குத் தெரியாது. என் மனைவி உமாவுக்கும் தெரியாது. அந்த வார்டில் ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. அவருக்கு வராமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்ன காய்ச்சல், எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே எதை யாரிடம் சொன்னேன் என்பதை மறந்துவிட்டேன். அதனால் ஒரு தடவை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தென்காசியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் படத்தில் ஆரம்பித்த கடை. இப்போது வருமானம் எல்லாம் கல்யாணத்தில்தான். அதுவும் மண்டபத்தில் எடுக்கிற படம் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோடியை வெளியில் கூட்டிக்கொண்டு போய் எடுக்கிற படத்தைத்தான் போனில் நூறு பேருக்குக் காட்டுகிறார்கள். ஆனியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எனக்குக் குற்றாலம்தான் ஆபீஸ். அருவிப் பக்கம் கூட்டம் விடாது என்பதால் மலையடிவாரத்தில் தோப்புகளை ஒட்டிப் புல் உயரமாக நிற்கிற இடங்களாகப் பார்த்து வைத்திருப்பேன். ஜோடி நடந்து வரும். பின்னால் மேகம் இறங்கிய மலை. புல்லுக்குள் குப்புறப் படுத்து எடுத்தால்தான் அந்த மலை முழுதாகப் படத்துக்குள் வரும். நாற்பத்து மூன்று வயதில் தொப்பையோடு படுத்து எழுந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அந்தப் படத்துக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அப்படி ஒரு ஜோடியை எடுத்துவிட்டு வந்து பத்து நாள் கழித்து எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாதாரணத் தலைவலி இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. சாயங்காலம் குளிர் எடுத்தது. ராத்திரி காய்ச்சல்.

உமா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது. அதை எடுத்து நானே நெற்றியில் காட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

"பாரு, ஒண்ணுமில்ல."

"நெத்தியில ஈரத்துணியப் போட்டுக்கிட்டுப் பார்த்தா அது துணியோட சூட்டத்தான் சொல்லும்" என்றாள் உமா. பிள்ளைகளுக்கு வைக்கிற தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து என் அக்குளில் வைத்துக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நூற்று மூன்று. அக்குளில் பார்த்தால் உள்ளே இருக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டுமாம். அப்படியென்றால் உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

நாலு நாள் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் போனோம். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் வேர்த்துக் கொட்டி இறங்கும். மறுபடி ஏறும். டெங்குவுக்கு ரத்தம் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. டைபாய்டும் இல்லை. ஐந்தாம் நாள் எழுந்து நிற்கவே முடியாமல் போனபோது அந்த டாக்டரே, "அட்மிஷன் போட்டுருங்க" என்று எழுதிக் கொடுத்தார். பிளஸ் டூ படிக்கிற எங்கள் மகள் மீனாவை வீரகேரளம்புதூரில் உமாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தென்காசியில் ஒரு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தோம்.

எட்டுக் கட்டில் உள்ள வார்டு. எனக்கு ஜன்னல் ஓரம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன், அப்புறம் மூச்சு. இந்த ஐந்தையும் வைட்டல்ஸ் என்பார்கள். உயிர் எப்படி இருக்கிறது என்று சொல்கிற கணக்கு. கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டையில் செருகிய தாளில் எழுதுவார்கள். படுத்துக்கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? எட்டி எடுத்து அதை நான் வாசிப்பேன். காய்ச்சல் 102, 103, 101. நாடி 110, 116, 118. மூச்சு என்கிற கட்டத்தில் மட்டும் 18, 18, 18, 20, 18. மற்றதெல்லாம் குதித்துக்கொண்டிருக்க இது ஒன்று ஒழுங்காக இருக்கிறதே என்று எனக்கு ஒரு ஆறுதல். அந்தப் பதினெட்டை யாரும் எண்ணவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை. அதிகாலையில் டிரிப்ஸில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். எட்டு மணிக்குப் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. உடம்பெல்லாம் வேர்வை. வலி குறைந்த மாதிரி இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து இட்லி வேண்டும் என்று கேட்டேன். உமாவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். அவசர அவசரமாக மீனாவுக்குப் போன் போட்டாள். "அப்பாக்குக் காய்ச்சல் விட்டுட்டு, ஏட்டி. இட்லி கேக்காவ."

எனக்கு இட்லியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. புல்லில் படுத்து எடுத்தேனே, அந்த ஜோடிக்கு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் கல்யாணம். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. இந்தப் பக்கத்தில் கேமரா வைத்திருக்கிற எல்லோருக்கும் அன்றைக்கு வேலை இருக்கும். பெண்ணின் அப்பா அண்ணாச்சி தினமும் மூன்று தடவை போன் செய்துகொண்டிருந்தார். காலைச் சுற்றுக்கு வந்த டாக்டரிடம், "சார், காய்ச்சல் விட்டுட்டு. சாயங்காலம் போயிரட்டுமா?" என்று கேட்டேன். சின்ன வயசு டாக்டர். தாளைப் பார்த்தார். "சாயந்தரம் வரைக்கும் காய்ச்சல் வரலைன்னா பார்ப்போம்" என்றார். அதை நான் டிஸ்சார்ஜ் என்றே எடுத்துக்கொண்டேன்.

பதினோரு மணி இருக்கும். அண்ணாச்சிக்கு நானே போன் செய்து பேசிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சிஸ்டர் வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். அதுவரை அந்த வார்டில் அவரை நான் பார்த்ததில்லை. லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருக்கிறார். ஐம்பது வயசு இருக்கும். பெயர் கோமதி. ஆய்க்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"அண்ணாச்சி, கவலைப்படாதீய. ஞாயித்துக்கிழமை... நான் வந்திருவேன். காலையில நாலு மணிக்கே... மண்டபத்துல இருப்பேன். பொண்ணு அலங்காரத்துல இருந்து... எல்லாம் எடுத்திரலாம்."

போனை வைத்தேன். சிஸ்டர் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். பிடித்தார், பிடித்தபடியே நின்றார். மற்ற சிஸ்டர்கள் பதினைந்து வினாடியில் விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. ஒரு கண் கடிகாரத்தில். இன்னொரு கண் என் முகத்தில் இல்லை. கொஞ்சம் கீழே, சட்டைப் பொத்தானில் இருந்தது.

"என்ன சிஸ்டர், நாடி கிடைக்கலியா?"

"செத்த பேசாம இருங்க, தம்பி."

மறுபடி முதலில் இருந்து ஒரு நிமிடம். எனக்கு எரிச்சல் வந்தது. கையை விட்டதும் தாளை எடுத்துப் புரட்டினார். "உங்க வீட்டு அட்ரஸ் என்ன? கதவு நம்பர்ல இருந்து பின்கோடு வரைக்கும் நிறுத்தாம ஒரே மூச்சுல சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

இது என்ன பள்ளிக்கூடமா என்று நினைத்தபடி ஆரம்பித்தேன். தெருப் பெயர் வருவதற்குள் மூச்சு இழுத்தேன். ஊர்ப் பெயருக்கு முன்னால் இன்னொரு தடவை. பின்கோடு வரவே இல்லை. நடுவில் இருமல் வந்துவிட்டது.

"பாத்ரூம் வரைக்கும் மெதுவா நடந்துட்டு வாங்க. அம்மா, நீங்க கூடப் போங்க."

போய் வந்தேன். பதினைந்து அடி தூரம். உட்கார்ந்த உடனே விரலில் கிளிப்பை மாட்டினார். படுத்திருக்கும்போது தொண்ணூற்றைந்து காட்டிய மிஷின் எண்பத்தெட்டில் நின்றது.

"எப்போ வீட்டுக்குப் போலாம், சிஸ்டர்?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் உமாவைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மா, காய்ச்சல் இறங்கல. மருந்து இறக்கி வச்சிருக்கு, அவ்வளவுதான். நல்லா இருக்கிற மனுசன் நிமிசத்துக்குப் பன்னிரண்டுல இருந்து இருபது தடவ மூச்சு விடுவான். இவரு முப்பத்தி நாலு விடுதாரு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். நான் டாக்டரக் கூப்புடுதேன். இவரத் தனியா விட்டுட்டு எங்கயும் போகாதீய."

"நான் நல்லாத்தான இருக்கேன்" என்றேன். அந்த மூன்று சொல்லுக்கு நடுவிலும் மூச்சு இழுத்தேன். இந்தத் தடவை எனக்கே அது கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சின்ன டாக்டர் ஓடி வந்தார். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே மிஷினை வார்டுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நுரையீரலின் அடிப்பாகத்திலும் பனி மூடிய மாதிரி வெள்ளையாக இருந்தது. மூக்கிலும் வாயிலும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். நரைத்த தலை. உட்கார நாற்காலி கேட்டு வாங்கி என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கேள்வியே வேறு மாதிரி கேட்டார்.

"இந்த மூணு வாரத்துல காட்டுக்குள்ள எங்கயாவது போனீங்களா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று. நான் போட்டோகிராபர், காட்டில் எனக்கு என்ன வேலை?

முகமூடியைத் தூக்கி நான் பேசப் போவதற்கு முன் உமா சொன்னாள். "காட்டுக்குப் போகலைங்க. ஆனா குத்தாலத்துப் பக்கம் புல்லுக்குள்ள படுத்துக்கிட்டுத்தான் போட்டோ எடுப்பாவ. சட்டையெல்லாம் பச்சைக் கறையா வரும், நாந்தான் துவைப்பேன்."

பெரிய டாக்டர் எழுந்து திரையை இழுத்து மூடினார். காதுக்குப் பின்னால், அக்குள், முழங்காலின் மடிப்பு என்று ஒவ்வொரு இடமாக டார்ச் அடித்துத் தேடினார். கடைசியில் என் அரைஞாண் கயிற்றை இரண்டு விரலால் தூக்கினார்.

"இந்தா இருக்கு" என்றார். காணாமல் போன சாவி கிடைத்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

கயிற்றுக்கு அடியில், வலது இடுப்பில், பீடி நெருப்புப் பட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. காய்ச்சல் வருவதற்கு முன்பே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதுதான். பெல்ட் உராய்ந்த புண் என்று விட்டுவிட்டேன். ஈரமான புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு இருக்கிறது. துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்த இடம் இப்படிக் கறுக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் வரும். ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், பத்திரிகையில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால் சாதாரண மருந்திலேயே குணமாகிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாளாக எனக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அப்போதே சரியான மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கதவுக்கு வெளியே டாக்டர் உமாவிடம் பேசியதை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அடுத்த இரண்டு நாள்தான் முக்கியம், மூச்சு இன்னும் மோசமானால் தொண்டைக்குள் குழாய் போட்டு மிஷினில் வைக்க வேண்டியிருக்கும், அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றிருக்கிறார். "போடுதேன். அதுக்கு முன்னால அவியள ஒரு தடவ பார்த்துட்டு வந்திருதேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். உள்ளே வந்தாள். நான் பயந்திருந்தேன். அவள் என் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, "நல்ல வெயிலு வெளிய. இன்னைக்குத்தான் துணி காயும்" என்றாள். போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நெஞ்சில் ஒட்டிய வயர்கள். தலைக்கு மேலே பச்சை, மஞ்சள், நீலம் என்று ஓடுகிற கோடுகள். அசைந்தால் கத்துகிற மிஷின். கட்டிலைச் சாய்த்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மூச்சு விடுவது ஒரு வேலை என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. அங்கே அது மூட்டை தூக்குகிற மாதிரியான வேலை. ஒன்றை இறக்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கண்ணை மூடித் தூங்கினால் தூக்கத்தில் அந்த வேலையை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மீனாவை நினைத்துக்கொள்வேன். அவள் மார்க் அட்டையில் நான் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை, எல்லாம் உமாதான் என்று என்னவோ ஒரு நினைப்பு.

வெளியே பெஞ்சில் உமா. உள்ளே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் "நல்லாருக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். அதைக் கேட்டால் அவளுக்குப் பயம் அதிகமாகும். கோமதி சிஸ்டருக்கு அந்தப் பிரிவில் வேலை இல்லை. ஆனாலும் டியூட்டி முடிந்து ஆய்க்குடி பஸ்ஸைப் பிடிக்கப் போகும் முன் உள்ளே எட்டிப் பார்த்து, எண்ணிவிட்டு வந்து நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்து ஆறு. அதைக்கூட மறைக்காமல் சொல்லியிருக்கிறார். "கூடியிருக்கு. ஆனா மருந்து போயி நாலு மணி நேரந்தான் ஆவுது. நாளைக்கு இதே நேரம் பார்ப்போம்." உமா அந்த நம்பரை அப்படியே மீனாவுக்கு அனுப்புவாள். மீனா திருப்பி ஒன்றும் எழுதாமல், பார்த்துவிட்டேன் என்பதற்கு ஒரு கைகூப்பு மட்டும் போடுவாள்.

சனிக்கிழமை காலையில் இஸ்மாயில் வந்தான். என் தொழிலில் எனக்குப் போட்டி. எதிர்த் தெருவில் ஸ்டுடியோ. விலையைக் குறைத்து என் கஸ்டமர்களைப் பிடிக்கிறான் என்று நான் பேசாத பேச்சு இல்லை. உமாவுக்கு டிபன் வாங்கிக்கொண்டு வந்தவன், "மைனி, அந்த இலஞ்சிக் கல்யாணத்த நான் எடுத்துருதேன். எனக்குக் காலையிலதான் வேற வேல இருந்துச்சு, அத என் தம்பி பார்த்துக்கிடுவான். ஆல்பம் அண்ணன் ஸ்டுடியோ பேருலேயே போவட்டும். அண்ணாச்சிகிட்ட நான் பேசிட்டேன்" என்றிருக்கிறான். உமா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாளாம். முந்தின நாள் மத்தியானத்தில் இருந்து அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முப்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கண்ணை விழித்தபோது எனக்குப் பசித்தது. ஏழாம் நாள் காலையில் இட்லி கேட்டேனே, அந்தப் பசி வேறு. அது வீட்டுக்குப் போகிற ஆசையில் கேட்டது. இது வயிற்றைப் பிடித்து இழுக்கிற நிஜமான பசி. மேலே மிஷினைப் பார்த்தேன். யாரும் மருந்து கொடுத்து இறக்காமலேயே காய்ச்சல் தொண்ணூற்றொன்பதுக்கு வந்திருந்தது. நாடி தொண்ணூற்றாறு. அன்று சாயங்காலம் கோமதி சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் அசையாமல் கிடந்தேன்.

"இருபத்தி ஆறு" என்றார். "மருந்து கேக்குது தம்பி."

கதவுக்கு வெளியே உமாவிடம் அவர் அதைச் சொன்னபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் கழித்து யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை வார்டுக்குத் திரும்பினேன். ரத்தப் பரிசோதனை முடிவும் அன்றைக்குத்தான் வந்தது. அதே காய்ச்சல்தான். முகமூடி போய் மூக்கில் மெல்லிய குழாய் வந்தது, பிறகு அதுவும் போனது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தது ஆறு மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாக வயர்களைக் கழற்றும்போது பிளாஸ்திரியோடு நெஞ்சு முடியும் வந்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. சின்ன டாக்டர் தினமும் வந்து இரண்டு நிமிடம் அதிகமாக நின்றார். ஒருநாள் அவரே, "வெள்ளிக்கிழமை காலையில நான் தாளைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கலை" என்றார். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

சாயங்காலம் வார்டு அமைதியாக இருந்த ஒரு நேரத்தில் கோமதி சிஸ்டரிடம் கேட்டேன்.

"எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீய?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? கண்டுபிடிச்சது பெரிய டாக்டர். நான் எண்ணினேன், அவ்வளவுதான்."

"ஏன் நாடி பார்க்கிற மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு எண்ணுதீய?"

"மூச்ச எண்ணப் போறேன்னு சொன்னா நீங்க மூச்ச மாத்தி விடுவீய. யாரா இருந்தாலும் அப்படித்தான். அதனால சொல்லக் கூடாது. கையப் பிடிச்சிருந்தா நாடிதானேன்னு விட்டுருவாங்க."

தாளில் எழுதியிருந்த பதினெட்டுகளைப் பற்றிக் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அவரே புரிந்துகொண்டார்.

"யாரையும் திட்டாதீய தம்பி. எட்டு பெட்டு, ரெண்டு பேரு. காய்ச்சலுக்கு மிஷினு இருக்கு, பிபிக்கு மிஷினு இருக்கு. மூச்சுக்கு ஒரு நிமிசம் சும்மா நிக்கணும். நிக்க நேரம் எங்க? நானும் ரொம்ப வருசம் பதினெட்டுன்னு எழுதினவதான். ஒருநாள் நான் எழுதினதையே எடுத்து வாசிச்சேன். பக்கத்துப் பக்கத்து நாலு பெட்லயும் பதினெட்டு. நாலு பேரும் ஒரே மாதிரியா மூச்சு விடுவாங்க? எனக்கே கூச்சமாப் போச்சு. அன்னையிலேர்ந்து நிக்கேன்."

பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டார். சிஸ்டர் போய்விட்டார்.

மருத்துவமனையில் மொத்தம் பதினோரு நாள் இருந்தேன். கிளம்புகிற அன்று உமாதான் எல்லாவற்றையும் முடித்தாள். பில் கட்டியதும், மாத்திரைகளைத் தனித்தனியாகக் கவரில் போட்டு எழுதி வாங்கியதும், கீழே ஆட்டோ பிடித்ததும் அவள்தான். பெஞ்சிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கால் வீங்கியிருந்தது. செருப்பின் வார் பதிந்த தடத்தை ஆட்டோவில்தான் முதல்முதலாகக் கவனித்தேன். வழியில் சாரல் லேசாக விழுந்தது. நான் முகத்தை வெளியே நீட்டினேன். "உள்ள இழுங்க, மறுபடியுமா?" என்று அதட்டினாள்.

வீட்டுக்கு வந்தோம். பையை வைத்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, "கஞ்சி வைக்கேன். ஒரு அஞ்சு நிமிசம் இப்படி உக்காந்துட்டு எந்திரிக்கேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். மத்தியானம் மூன்று மணி. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் மருந்துக் கவர்.

ஐந்து நிமிடம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. எழுப்ப மனசு வரவில்லை. மெதுவாக அவள் மடியில் இருந்த கவரை எடுத்தேன். தலையணையை அவள் கழுத்துக்கு அண்டக் கொடுத்தேன். அடுத்த வீட்டு அக்கா பார்க்க வந்து கதவைத் தட்டியபோது நான் போய்க் கொஞ்சமாகத் திறந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கொண்டு வந்த ரசத்தை என் கையில் கொடுத்துச் சத்தமில்லாமல் போனார். வீரகேரளம்புதூரில் இருந்து மீனா போன் செய்தாள். அம்மா எங்கே என்றாள். தூங்குகிறாள் என்றேன். "அம்மாவா? இந்நேரத்துக்கா?" என்று கேட்டவள், "சரி, எழுப்பாதீய. நாளைக்கு நான் வந்திருதேன்" என்று வைத்துவிட்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடவே நேரமாயிற்று. இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து ஒரு வழியாகக் கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. ரசத்தை ஊற்றிக் குடித்தேன். சாயங்காலம் அவள் ஒரு தடவை கண்ணை விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்து, நாற்காலியில் இருந்து இறங்கித் தரையிலேயே சுருண்டு படுத்துக்கொண்டாள். போர்வையை எடுத்துப் போர்த்தினேன். அதற்குப் பிறகு நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது ஆறரை. அவள் அப்போதுதான் தரையில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் கலைந்து, கன்னத்தில் போர்வை மடிப்பின் தடம். என்னைப் பார்த்தாள். அடுப்படியில் கரிந்து கிடந்த பாத்திரத்தைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு காப்பி போடுதீயளா?" என்றாள்.

பதினோரு நாளில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.